சார் எப்ப வருவாரு?

அஸ்திவாரக் குழியை எங்கள் பக்கத்தில் ‘வானம்’ என்பார்கள். வானம் தோண்டிய அன்று காலை ஏழு மணிக்கே மனைக்குப் போய்விட்டேன். திருநகரைத் தாண்டித் திருமங்கலம் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி நான்கு சென்ட் நிலம். கையில் வரைபடம் இருந்தது. பொறியாளரோடு உட்கார்ந்து அதை ஐந்து முறை திருத்தியவள் நான். வங்கிக் கடனுக்கு அலைந்தவள் நான். மாதத் தவணையும் என் சம்பளத்திலிருந்துதான் போகப்போகிறது. கொத்தனார் வணக்கம் சொன்னார். பிறகு என் தோளுக்குப் பின்னால் சாலையைப் பார்த்தார்.

“சார் எப்ப வருவாரு, டீச்சரம்மா?”

சார் என்றால் என் துணைவர். அவர் அப்போது கோவையில் வேலையில் இருந்தார். பதினைந்து நாளைக்கு ஒருமுறை வருவார். “எதுவானாலும் என்கிட்டயே கேளுங்கண்ணே” என்றேன். கொத்தனார் தலையாட்டினார். நல்ல மனிதர், வேலையும் சுத்தம். ஆனால் அடுத்த பதினொரு மாதமும் அந்தக் கேள்வி ஓயவில்லை. ஜல்லி லாரிக்காரர் கேட்டார், கம்பி கட்ட வந்தவர் கேட்டார், மின் இணைப்புக்கு வந்தவர் கேட்டார். பணம் வாங்கும்போது மட்டும் யாரும் சாரைக் கேட்கவில்லை.

அந்தப் பதினொரு மாதத்தில் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தது பாலு மகேந்திராவின் ‘வீடு’. 1988இல் வெளிவந்த படம். 35ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த தமிழ்ப்படமாகத் தேர்வானது. சுதாவாக நடித்த அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகை விருது கிடைத்தது. மாணவியாக இருந்தபோது தூர்தர்ஷனில் அதைப் பார்த்தேன். தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதருக்காக அழுதேன். சுதாவுக்காக அழுததாக நினைவில்லை. வீடு கட்டி முடித்தபின் முதுகலை மாணவிகளோடு உட்கார்ந்து அதை மறுபடி பார்த்தேன். இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது பார்வையிலிருந்து வருகிறது. என் வாசிப்பில் இருந்த ஓட்டை ஒன்றை அன்று ஒரு மாணவி காட்டிக்கொடுத்தாள். அதையும் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் சொற்கள். தமிழ் படித்தவளுக்கு அதுதான் கைக்கு வசமான ஆயுதம். ‘இல்’ என்றால் வீடு. இல்லாள் என்றால் மனைவி. அதற்கு ஆண்பால் தேடினால் ‘இல்லான்’ என்று வரும். அதன் பொருள் வீட்டுக்காரன் அல்ல, ஒன்றும் இல்லாதவன். ‘மனை’யிலிருந்து மனைவி, மனையாள். ஆனால் ‘மனை விற்பனைக்கு’ என்று சாலையோரம் பலகை வைத்திருக்கிறார்களே, அந்த மனையை வாங்க வருபவர் பெரும்பாலும் மனைவி அல்ல. மொழி வீட்டைப் பெண்ணோடு ஒட்டவைத்துவிட்டது, பத்திரம் ஒட்டவைக்கவில்லை. பத்திரத்தில் ஆணின் பெயரோடு ‘த/பெ’ என்று தந்தையின் பெயர் வருகிறது. திருமணமான பெண்ணுக்கு ‘க/பெ’. நான் என் பணத்தில் வாங்கும் நிலத்துக்கும் நான் இன்னாருடைய மனைவி என்று சொல்லித்தான் உள்ளே நுழைய முடிகிறது. இதே மொழிதான் அறம், பொருள், இன்பத்துக்கு அடுத்து ‘வீடு’ என்று விடுதலையையும் வைத்திருக்கிறது.

அடுத்து, வகுப்பில் நான் ஆண்டுதோறும் நடத்தும் நெடுநல்வாடை. பத்துப்பாட்டில் ஒன்று, 188 அடி, நக்கீரர் பாடியது. பாட்டுடைத் தலைவன் பாண்டியன் நெடுஞ்செழியன் என்பது மரபு. அதாவது எங்கள் ஊர்க்காரன். அதில் அரண்மனை எப்படிக் கட்டப்பட்டது என்பதற்கு நுணுக்கமான விவரணை இருக்கிறது. நிழல் எந்தப் பக்கமும் சாயாத நடுப்பகலில் இரண்டு கோல் நட்டுத் திசை குறிக்கிறார்கள். நூல் அறிந்தவர்கள் கயிறு பிடித்து அளக்கிறார்கள். கொடியோடு யானை நுழையும் உயரத்துக்கு வாயில் எழுகிறது. இத்தனையும் கடந்து உள்ளே போனால் தந்தக் கட்டிலில் தூக்கமில்லாமல் அரசி கிடக்கிறாள். அரசன் போர்ப் பாசறையில் இருக்கிறான். பத்தாண்டுக்கு மேலாக இதைக் காத்திருப்பின் துயரமாகவே நடத்தியிருக்கிறேன். வீடு கட்டிய ஆண்டில்தான் வேறொரு கேள்வி வந்தது. அந்தக் கயிறு எங்கே விழவேண்டும் என்று அவளிடம் யாராவது கேட்டிருப்பார்களா? கட்டும்போது அவள் எங்கும் இல்லை; கட்டி முடிந்த பிறகு அவள் மட்டும்தான் இருக்கிறாள்.

‘வீடு’ படம் இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. சுதா அலுவலகத்தில் வேலை பார்க்கும் நடுத்தரக் குடும்பத்துப் பெண். தங்கை இந்துவும் ஓய்வுபெற்ற இசையாசிரியரான தாத்தாவும் உடன் இருக்கிறார்கள். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். உடன் வேலை செய்யும் ஒருவர், வாடகை கொடுப்பதற்குப் பதில் கட்டிவிடலாமே என்கிறார். வளசரவாக்கத்தில் தாத்தாவுக்கு இரண்டு மனைகள் இருக்கின்றன. ஒன்றை விற்று இன்னொன்றில் கட்டுவது என்று முடிவாகிறது. அதற்குப் பிறகு கடன், ஒப்பந்தக்காரர், சிமெண்ட், மழை. தாத்தா பாதிக் கட்டிய வீட்டைப் பார்க்க வருகிறார். பார்த்த பின் இறந்துபோகிறார். கடைசியில் அந்த நிலம் குடிநீர் வாரியம் எடுத்துக்கொண்ட நிலம் என்று தெரிகிறது. சுதா நீதிமன்றத்தில் காத்திருப்பதோடு படம் முடிகிறது.

இதை ஒரு நடுத்தரக் குடும்பத்தின் நிறைவேறாத கனவு என்றுதான் எங்கும் பேசக் கேட்டிருக்கிறேன். அது தப்பில்லை. ஆனால் கனவு என்று சொன்னதுமே அதற்குள் இருக்கும் வேலை மறைந்துபோகிறது. மட்டக்களப்பில் சிறுவனாக இருந்தபோது, வீடு கட்டும் நாட்களில் தன் அம்மா மாறிப்போனதைக் கண்டதே இந்தப் படத்துக்கு விதை என்று பாலு மகேந்திரா சொல்லியிருக்கிறார். அம்மா ஏன் மாறினாள்? கனவு கண்டதாலா? கணக்குப் பார்த்ததால் என்றுதான் நான் வாசிக்கிறேன். கையிருப்பு, கடன், ஆட்களின் கூலி, மழை, கல்லின் விலை என்று எல்லாவற்றையும் தலைக்குள் ஒரே நேரத்தில் வைத்திருக்கும் வேலை ஒன்று உண்டு. பொறியாளர் செய்தால் அதற்கு மேற்பார்வைக் கட்டணம் என்று சதுர அடிக்கு இவ்வளவு என வாங்குவார். வீட்டுப் பெண் செய்தால் அதற்குக் கட்டணமும் இல்லை, பெயரும் இல்லை. படத்தின் பின்னணியில் ஒலிப்பது இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ இசை. இதற்கு என்ன பெயர் வைப்பது என்ற கேள்வி சுதாவின் வேலைக்கும் பொருந்துகிறது.

அந்த வேலை என்னவென்று என் நோட்டிலிருந்து கொஞ்சம் சொல்கிறேன். எங்கள் மனை கரிசல். கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழையில் உப்பி எழும். அந்த அசைவில் சுவர் கீறிவிடும். எனவே கரிசலைத் தாண்டிக் கெட்டி மண் வரை தோண்டி, கிராவல் போட்டு இடித்து, சுவருக்கு அடியில் சுற்றிலும் பிளிந்த் பீம் போடவேண்டும். வானத்தின் ஆழத்தில் அரை அடி குறைத்தால் யாருக்கும் தெரியாது, மூன்று வருடம் கழித்துச் சுவர் சொல்லும். எம்-20 கான்கிரீட் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ எட்டு மூட்டை சிமெண்ட் வேண்டும். சுதாவின் ஒப்பந்தக்காரர் திருடியது அதைத்தான். நான் காலிச் சாக்குகளை எண்ணிவிட்டுக் கல்லூரிக்குப் போவேன். தளம் போட்டபின் குறைந்தது ஏழு நாள், கலப்பு சிமெண்ட் என்றால் பத்து நாள், காயவிடாமல் தண்ணீர் கட்டவேண்டும். பாத்தி கட்டி நீர் நிறுத்தி, காலை ஐந்தரைக்கு ஒருமுறை, மாலை வகுப்பு முடிந்து ஒருமுறை ஏறிப் பார்ப்பேன். மூலப் பத்திரம், முப்பது வருட வில்லங்கச் சான்று, பட்டா, மனைப்பிரிவுக்கான அங்கீகாரம் எல்லாவற்றுக்கும் தனிக் கோப்பு. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது 2016 செப்டம்பரில். சுதா நீதிமன்றத்தில் உட்கார்ந்து முப்பது வருடம் ஆவதற்குச் சற்று முன்பு.

சமையலறையில் எங்களுக்குள் சண்டை வந்தது. அக்கினி மூலை என்று தென்கிழக்கில் அதை வைத்தார்கள், சரி. மேடையின் உயரம் எவ்வளவு என்று கேட்டேன். “எப்பவும் வைக்கிறதுதாம்மா” என்றார் கொத்தனார். எப்போதும் வைப்பது யாருடைய இடுப்புக்கு? நான் நான்கடி பத்தங்குலம். முப்பத்து நான்கு அங்குல மேடையில் குக்கரை வைத்தால் அதற்குள் எட்டிப் பார்க்க நான் முனைக்காலில் நிற்கவேண்டும். அட்டைப்பெட்டிகளை அடுக்கி, அதன்மேல் பலகை வைத்துக் காய் நறுக்கிக் காட்டினேன். முப்பத்தொன்றில் நின்றது. அவருக்கு அது வேடிக்கை. எனக்கு அது நாற்பது வருட முதுகு.

உலகத்தில் இதை அளந்து பார்த்த பெண்கள் உண்டு. 1926இல் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி, ஃபிராங்ஃபர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறை வடிவமைத்தார். எந்த வேலைக்கு எத்தனை அடி நடக்கவேண்டியிருக்கிறது என்று கணக்கிட்டு, ஏறத்தாழ 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டருக்குள் எல்லாவற்றையும் அடக்கினார். சுமார் 10,000 வீடுகளில் அது வந்தது. பெண்ணின் நேரம் மிச்சமாகும் என்பது அவர் எண்ணம். பின்னால் வந்த பெண்ணியர்கள், அந்தச் சின்ன அறைக்குள் ஒரே ஒருத்திதான் நிற்க முடியும், அவளை அங்கே தனியாகப் பூட்டிவிட்டது என்றார்கள். இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது. அளவு சரியாக இருந்தால் மட்டும் போதாது, அந்த அளவை யார் சொல்வது என்பதும் வேண்டும். ‘வீடு’ வந்த அதே 1988இல் வெளியான அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ இதைத்தான் பேசுகிறது. மருமகள் மீனாட்சி சமையலறையை ஒட்டிய தாழ்வாரத்தை அகலப்படுத்தலாமே என்கிறாள். தாழ்வாரம் அகலமாகவில்லை. துணி காயப்போட அங்கே கயிறு கட்டப்படுகிறது. ஒரு பெண் வீட்டின் அளவைப் பற்றி வாய் திறந்தால் வரும் பதிலுக்கு இதைவிடச் சுருக்கமான சித்திரம் நான் படித்ததில்லை.

தலைவாசல் நிலை வைத்த அன்று நடந்ததையும் எழுதவேண்டும். பணம் இடித்த மாதத்தில் என் அம்மா நான்கு வளையலை விற்றுக் கொடுத்திருந்தார். அவர் கணவரை இழந்து ஒன்பது வருடம் ஆகிறது. நல்ல நேரம் முடியப் பத்து நிமிடம் இருந்தது. உறவில் பெரியவர் ஒருவர், “சுமங்கலி யாராச்சும் வந்து நிலைக்கு மஞ்சள் தடவுங்கப்பா” என்றார். யாரும் சொல்லாமலே அம்மா இரண்டடி பின்னால் போனார், பிறகு இன்னும் இரண்டடி. செங்கல் அடுக்கின் ஓரம் போய் நின்றுகொண்டார். நான் பார்த்தேன். பெண்ணியம் பற்றி மேடையில் பேசுகிறவள், மஞ்சள் கிண்ணத்தை வாங்கித் தடவிவிட்டேன். அன்று சாயங்காலம், “ஏம்மா தள்ளிப் போனீங்க?” என்று கேட்டேன். “நீ கூப்பிடுவியோன்னு பாத்தேன்” என்றார். படத்தில் பாதிக் கட்டிய வீட்டைத் தாத்தா பார்க்க வரும் இடம் தமிழ் சினிமாவின் மிக அழகான காட்சிகளில் ஒன்று. அந்த முதியவருக்குக் கிடைத்த வரவேற்பு என் அம்மாவுக்கு என் வீட்டில் கிடைக்கவில்லை. கொடுக்காதவள் நான்.

இப்போது மாணவியின் கேள்வி. படம் முடிந்து விளக்கைப் போட்டதும் பேச்சு சுதாவைச் சுற்றியே போனது. நானும் என் காலிச் சாக்குக் கணக்கையெல்லாம் சொல்லி, பெண்ணின் பெயரற்ற நிர்வாக உழைப்பு என்று கரும்பலகையில் எழுதினேன். கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்தாள். அவள் அம்மா கட்டட வேலைக்குப் போகிறவர் என்று பின்னால் தெரிந்தது. “மேடம், மங்கம்மாவுக்கு வீடு இருக்கா?” என்றாள்.

மங்கம்மா அந்தப் படத்தில் வரும் சித்தாள். ‘பசி’ சத்யா நடித்தது. ஒப்பந்தக்காரரின் சிமெண்ட் திருட்டை வெளியே கொண்டுவருவது அவர்தான். ஒப்பந்தக்காரர் போனபின் வேலை நிற்காமல் நடக்கச் சுதாவுக்குத் துணை நிற்பதும் அவர்தான். எத்தனை மூட்டைக்கு எவ்வளவு மணல், யார் கூலி எவ்வளவு என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அதாவது நான் பெயர் தேடிக்கொண்டிருந்த அந்த நிர்வாக வேலையைச் சுதாவுக்கு முன்பே தெரிந்து வைத்திருந்தவர். இரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு வீட்டைத் தூக்கி நிறுத்துகிறார்கள். இந்த அளவுக்கு ஒரு சித்தாளை மதித்த தமிழ்ப்படங்கள் குறைவு. ஆனாலும் படம் முடியும்போது நம் கவலை முழுக்கச் சுதாவின் வீட்டைப் பற்றியே இருக்கிறது. படம் மங்கம்மாவைப் பார்த்த அளவுக்குக்கூட, அதைப் பாடமாக நடத்திய நான் பார்க்கவில்லை.

மறுபடி சொற்களுக்கு வருகிறேன். எங்கள் பக்கம் கட்டட வேலையில் கொத்தனாருக்குக் கீழே உதவிக்கு நிற்கும் ஆணை ‘நிமிந்தாள்’ என்பார்கள். பெண் ‘சித்தாள்’. நிமிர்ந்த ஆள், சிறிய ஆள். நிமிந்தாள் நாலைந்து வருடத்தில் கரண்டி பிடித்துக் கொத்தனார் ஆகிவிடுவார். சித்தாள் இருபது வருடம் கலவை சுமந்தாலும் சித்தாள்தான். என் மனையில் இரண்டு சித்தாள் அக்காக்கள் இருந்தார்கள். அவர்கள் கூலி நிமிந்தாள் கூலியைவிடக் குறைவு. “இதுதாம்மா ரேட்டு” என்றார்கள். நான் அந்த ரேட்டையே கொடுத்தேன். சமையல் மேடையில் மூன்று அங்குலத்துக்குச் சண்டை போட்டவள் இதற்கு வாய் திறக்கவில்லை.

இன்னும் ஒன்று. என் வரைபடத்தில் இரண்டு கழிப்பறைகள் இருந்தன. ஒவ்வொன்றின் ஓடு, குழாய், ஜன்னல் உயரம் எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் மனையில் வேலை செய்த பெண்கள் எங்கே போகிறார்கள் என்று ஏழு வாரம் வரை நான் கேட்கவில்லை. ஒருநாள் மதியம் ஒரு அக்கா சீமைக்கருவேலங் காட்டிலிருந்து சேலையை முள்ளிலிருந்து விடுவித்துக்கொண்டே வந்தார். பக்கத்து மனையில் ஆட்கள் வேலை செய்யும் நாளில் அதுவும் முடியாது, காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்போம் என்றார். சித்திரை வெயில். கான்கிரீட்டுக்குத் தண்ணீர் காயாமல் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அடுத்த வாரம் மனையின் மூலையில் தகரம் அடித்து ஒரு கழிப்பறை போட்டோம். குழி, பீங்கான், கதவு எல்லாம் சேர்த்து வரவேற்பறை விளக்குக்கு நான் ஒதுக்கியிருந்ததைவிடக் குறைவாகத்தான் ஆனது. “இத மொதல்லயே போட்டிருக்கலாம்ல டீச்சர்” என்றார் அந்த அக்கா. நன்றி சொல்லவில்லை. சொல்லவேண்டியதும் இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. தமிழகத்தில் கட்டடத் தொழிலாளர்கள் 1979 முதல் சங்கமாகத் திரண்டு போராடினார்கள். அந்தப் போராட்டத்தின் முன்னணியில் பெண்களும் இருந்தார்கள். 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது, 1994இல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது, 1996இல் மத்தியச் சட்டம் வந்தது. கட்டட மதிப்பில் 1 விழுக்காட்டை அவர்கள் நலனுக்காக வசூலிக்கிறார்கள். நானும் அனுமதி வாங்கும்போது கட்டி, ரசீதைக் கோப்பில் போட்டேன். அந்த ரசீதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்ததுதான் என் தவறு. வாரியத்தில் பதிந்திருக்கிறீர்களா என்று இருவரிடமும் கேட்டது வேலை முடிய இரண்டு மாதம் இருக்கும்போது. ஒருவர் பதிந்திருந்தார், புதுப்பிக்கவில்லை. இன்னொருவர் பதியவே இல்லை.

பெண்கள் பெயரில் சொத்து வரவேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 1989இல் தமிழ்நாடு மகள்களுக்குக் குடும்பச் சொத்தில் சம உரிமை கொடுத்தது. நாடு முழுவதற்கும் அது வர 2005 ஆனது. 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைத்திருக்கிறார்கள். மாணவிகளே, முடிந்தால் உங்கள் பெயரில் பதியுங்கள். ஆனால் கட்டணம் குறைகிறது என்பதற்காகப் பெயரை மட்டும் கொடுத்துவிட்டு, அளவையும் கணக்கையும் ‘சார்’ கையில் விடாதீர்கள். அளவும் கணக்கும் உங்கள் கைக்கு வந்தபின், அந்தக் கை யார் தலையில் கலவைச் சட்டியை ஏற்றுகிறது என்றும் பாருங்கள்.

‘வீடு’ படத்தை இந்த ஆண்டும் வகுப்பில் போடப்போகிறேன். சுதாவைப் பற்றி ஒரு கட்டுரை, மங்கம்மாவைப் பற்றி ஒரு கட்டுரை என்று இரண்டு எழுதச் சொல்வேன். என் வீட்டுக்கு மேலே ஒரு மாடி அறை எழுப்பவேண்டியிருக்கிறது. இந்த முறை அந்த அக்காக்களை நானே நேரில் போய்க் கூப்பிட்டிருக்கிறேன். நிமிந்தாளுக்கு என்ன கூலியோ அதே கூலி என்று கொத்தனாரிடம் சொன்னேன். அவர் சற்று யோசித்துவிட்டு, “சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமா?” என்றார்.